சொல்லுக்கு மேலே பென்சில்

திருநீர்மலைப் பெருமாளுக்கு நான்கு கோலங்கள். அடிவாரக் கோயிலில் நீர்வண்ணராக நின்ற கோலம். படியேறிப் போனால் நரசிம்மராக இருந்த கோலம், ரங்கநாதராகக் கிடந்த கோலம், உலகளந்தவராக நடந்த கோலம். திருமங்கையாழ்வார் இந்த ஊருக்குப் பாடிய பாசுரங்களிலும் இந்த நான்கு வினைகளும் உண்டு. போன மார்கழியில் பக்கத்து வீட்டுப் பையன் என்னோடு மலையேறினான். கல்லூரியில் ஆங்கில இலக்கியம், இரண்டாம் ஆண்டு. நான் கோலங்களைச் சொல்லிக்கொண்டே வந்தபோது நிறுத்திக் கேட்டான்.

“நின்னது, படுத்தது, நடந்தது எல்லாம் சரி சார். ‘இருந்த’ன்னா? அங்க இருந்தாரு, அவ்ளோதானே? அதுல என்ன கோலம்?”

அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வந்தவரிடம் ‘இருங்கோ’ என்றால் நாற்காலியைக் காட்டுகிறார்கள் என்று பொருள். சென்னையில் ‘இருங்க’ என்றால் கொஞ்சம் பொறுங்கள் என்று பொருள். உட்காருவதற்கு இங்கே வேறு சொல் வந்துவிட்டது. பழைய சொல் வேறு வேலைக்குப் போய்விட்டது.

“நிக்கறதுக்கும் படுக்கறதுக்கும் நடுவுல என்ன இருக்கு தம்பி?” என்றேன்.

“உக்கார்றது...” என்று சொல்லி, அவனே தலையாட்டிக்கொண்டான்.

அகராதி இல்லாமலே அந்தச் சொல் திறந்தது. முன்னும் பின்னும் நின்ற சொற்களே திறந்துவிட்டன. ஆனால் அவன் இன்னொன்றும் செய்திருந்தான், தனக்கே தெரியாமல். ‘கிடந்த’ என்று நான் சொன்னதை ‘படுத்தது’ என்று மாற்றியிருந்தான். அவன் பேசும் தமிழில் ‘கிடக்கிறான்’ என்பது குடித்துவிட்டுத் தெருவோரம் விழுந்தவனுக்கு உரிய சொல். பெருமாளுக்கு அதைச் சொல்ல நா எழவில்லை. வைணவ மரபிலோ ‘கிடந்த கோலம்’ என்பது கைகூப்பிச் சொல்லும் சொல்.

மலைமேல் நின்றால் மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்குவது தெரியும். அந்தப் பையனுக்கு அப்போதுதான் பாஸ்போர்ட் வந்திருந்தது. அதைக் கொண்டுவந்து காட்டியவன், ஒரு பக்கத்தில் விரலை வைத்தான். இந்தச் சீட்டை உடையவரைத் தடங்கல் இல்லாமல் போகவர விடவேண்டும், வேண்டிய உதவியும் பாதுகாப்பும் தரவேண்டும் என்று குடியரசுத் தலைவர் பெயரால் கேட்டுக்கொள்ளும் ஆங்கில வாசகம். அதில் ‘லெட்’ என்று ஒரு சொல்.

“‘விதவுட் லெட்’ன்னா ‘விடாம’ன்னுதானே சார் வருது? விடாம, தடுக்காம... ரெண்டும் எப்படிச் சேரும்?”

இங்கே ‘லெட்’ என்றால் தடை. பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் இருந்தன. ‘லேட்டன்’ என்பது விடுதல், அனுமதித்தல். ‘லெட்டன்’ என்பது தடுத்தல், தாமதப்படுத்துதல். தாமதத்தைக் குறிக்கும் இன்றைய ‘லேட்’ இதற்கு உறவு. காலப்போக்கில் இரண்டும் ஒரே ஒலிக்கும் ஒரே எழுத்துக்கும் வந்து சேர்ந்தன. நேர் எதிரான இரண்டு பொருள்கள் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டால் ஒன்று ஒதுங்கத்தான் வேண்டும். தடுக்கும் ‘லெட்’ ஒதுங்கியது. சட்ட வாசகங்களிலும், வலையில் உரசிய பந்தை மறுபடி போடச் சொல்லும் டென்னிஸ் ஆட்டத்திலும், பழைய நூல்களிலும் மட்டும் அது மிஞ்சியிருக்கிறது. பாஸ்போர்ட்டில் அதற்குப் பக்கத்திலேயே ‘ஹிண்ட்ரன்ஸ்’ என்ற சொல்லும் இருக்கிறது. நம் இலக்கணத்தார் ஒருபொருட்பன்மொழி என்பார்களே, அந்த வகை. இந்தி வாசகத்திலும் ‘ரோக்-டோக்’ என்று தடையைச் சொல்லும் இரட்டை இருக்கிறது. விடை பக்கத்திலேயே இருந்தும் பையன் தடுமாறினான். காரணம், ‘லெட்’ அவனுக்குத் தெரிந்த சொல்.

இந்த இடத்தில்தான் நம் கல்லூரிகளில் நூறாண்டுக்கு மேலாக நடந்துவரும் ஒரு படிப்புமுறையை எடைபோட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. ஆசிரியர் வரியைப் படிப்பார். கடினமான சொல் வந்தால் நிறுத்துவார். ‘மீனிங் எழுதிக்கோங்க’ என்று எளிய ஆங்கிலத்திலோ தமிழிலோ ஒரு சொல் தருவார். பிள்ளைகள் அச்சுச் சொல்லின் தலைக்கு மேல் பென்சிலால் எழுதிக்கொள்வார்கள். ஆசிரியர் அடுத்த வரிக்குப் போவார். நானும் அப்படித்தான் படித்தேன். இன்று மாலை நேரங்களில் இந்தச் சுற்றுவட்டாரப் பிள்ளைகளோடு பழைய நூல்களைப் படிக்கும்போது நானும் அப்படித்தான் தொடங்குகிறேன்.

பழக்கத்தின் வேர் பழையது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தபின் தேர்வுக்காக ஆங்கில இலக்கியம் படிப்பவர்கள் பெருகினார்கள். அவர்களுக்காகப் பதிப்புகளும் பெருகின. ஆக்ரா கல்லூரியின் முதல்வராக இருந்த கென்னத் டெய்ட்டன், மாக்மில்லன் நிறுவனத்துக்காக ஷேக்ஸ்பியர் நாடகங்களைக் கொத்துக் கொத்தாகக் குறிப்புகளோடு பதிப்பித்தார். ஏ. டபிள்யூ. வெரிட்டியின் கேம்பிரிட்ஜ் பதிப்புகளில் நூலின் பின்னால் அருஞ்சொல் பட்டியல் இருக்கும். அவை இந்தியக் கல்லூரிகளில் பல தலைமுறை புழங்கின. 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த கிறித்தவக் கல்லூரியின் பழைய முதல்வர் வில்லியம் மில்லர், ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களை வாழ்க்கைக்கு வழிகாட்டும் வரைபடமாகவே எழுதிக் காட்டினார். மாணவனுக்கு மில்லரின் பெரிய பார்வையும் தேவைப்பட்டது. ஆனால் நாளைக்குத் தேர்வு என்றால் அவன் புரட்டியது வெரிட்டியின் பின்பக்கத்தைத்தான்.

இதை வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்த கெட்ட பழக்கம் என்று தள்ளிவிட முடியாது. நம்மிடமே இதற்கு அழகான பெயர் உண்டு: அரும்பதவுரை. சிலப்பதிகாரத்துக்கு இரண்டு பழைய உரைகள் கிடைத்திருக்கின்றன. அடியார்க்குநல்லார் உரை விரிவானது, இசையும் கூத்தும் கதையும் சேர்ந்தது. அரும்பதவுரையோ கடினமான சொல்லை மட்டும் தொட்டுச் சுருக்கமாகப் பொருள் சொல்லி நகர்ந்துவிடும். 1892இல் உ.வே.சாமிநாதையர் இரண்டையும் சேர்த்தே பதிப்பித்தார். அடியார்க்குநல்லார் உரை வஞ்சிக் காண்டத்துக்குக் கிடைக்கவில்லை. அங்கே கையைப் பிடித்து நடத்தப் பழைய உரை என்று அந்தச் சுருக்கமான அரும்பதவுரை ஒன்றுதான் இருக்கிறது. பெயர்கூடத் தெரியாத ஒருவர் எழுதிவைத்த சிறு குறிப்புகள் இல்லாமல் போயிருந்தால் எத்தனை இடங்கள் இருட்டாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்ற ஏற்பாடு எளிமையானது, அதனாலேயே உயிர்பிழைக்கக்கூடியது.

அனகாபுத்தூரில் தறி நெய்யும் வீட்டிலிருந்தும் பம்மலில் தோல் பதனிடும் தொழிலாளி வீட்டிலிருந்தும் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு அந்தப் பென்சில் எழுத்து என்ன செய்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு ஆண்டு தமிழ்வழியில் படித்துவிட்டு வந்தவள் முன்னால் ‘ஹாம்லெட்’ நாடகத்தை வைத்தால், முதல் பக்கத்திலேயே அது அவளுக்குப் பூட்டிய வீடு. நான்கு சொல்லுக்குத் தமிழில் பொருள் எழுதிவிட்டால் ஜன்னலாவது திறக்கிறது. ‘சூழலை வைத்து நீயே ஊகி’ என்று அவளிடம் சொல்வது, நீச்சல் தெரியாதவரிடம் ஆழத்தை நீயே கண்டுபிடி என்று சொல்வது போல. அவளுக்குச் சூழலே இன்னும் தெரியாது.

தமிழில் எழுதும் பொருள் என்றால் இன்னும் ஒரு பலம் உண்டு. இதை யாரும் போதிய அளவு சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. பழைய ஆங்கிலச் சொல்லுக்கு இன்றைய ஆங்கிலச் சொல்லைவிட இன்றைய தமிழ்ச் சொல் சில இடங்களில் நெருக்கமாக இருக்கிறது. தந்தையின் ஆவி நடமாடும் செய்தியைக் கேட்டதும் ஹாம்லெட் தனியாக நின்று, ஏதோ சூது நடந்திருப்பதாக ‘டவுட்’ செய்கிறேன் என்கிறான். இன்றைய ஆங்கிலேயர் அதை மேலோட்டமாகப் படித்தால், சூது நடந்திருக்காது என்று அவன் நினைப்பதாகத் தலைகீழாகப் புரிந்துகொள்ளலாம். இன்றைய ஆங்கிலத்தில் அந்த வினை பெரும்பாலும் நம்பாமையைத்தான் குறிக்கிறது. நம் பிள்ளையோ ‘டவுட்’ என்றால் சந்தேகம் என்று எழுதிக்கொள்கிறாள். சூது நடந்திருக்கிறது என்று சந்தேகப்படுகிறான். சரியாக அதுதான் பொருள்.

‘தௌ’ என்ற சொல்லையும் பாருங்கள். நோட்ஸ் புத்தகங்கள் எல்லாம் ‘தௌ என்றால் யூ’ என்று ஒரே வரியில் முடித்துவிடும். ஆங்கிலம் இழந்துவிட்ட வேறுபாட்டை அந்த ஒரு வரி நமக்கும் இழக்கச் செய்கிறது. ‘தௌ’ என்பது நீ, ‘யூ’ என்பது நீங்கள் என்று எழுதிக்கொண்டால் போதும். அரசி தன் அறையில் ஹாம்லெட்டிடம், உன் தந்தையைப் புண்படுத்திவிட்டாய் என்று ‘நீ’ போட்டுப் பேசுகிறாள். அவள் சொல்வது அவனுடைய சிற்றப்பனை. மகன் அதே வாக்கியத்தைத் திருப்பி அடிக்கிறான்: என் தந்தையைப் புண்படுத்தியது நீங்கள். அவன் ‘யூ’ என்கிறான். அம்மாவை ‘நீ’ என்றே கூப்பிட்டு வளர்ந்த சென்னைப் பிள்ளைக்கு, கோபம் வந்த நாளில் ‘நீங்க’ என்று மாறினால் அந்த வீட்டில் எவ்வளவு குளிர் இறங்கும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. மரியாதைச் சொல்லே கத்தியாகிற அந்த இடத்தை ஒரு தமிழ்க் குறிப்பு ஒரே சொல்லில் பிடித்துவிடும்.

விவிலியத்திலும் இப்படித்தான். 1611ஆம் ஆண்டின் ஜேம்ஸ் அரசர் ஆங்கிலப் பதிப்பில், தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தில் ‘பிரிவென்ட்’ என்று ஒரு சொல் வரும். இன்று அதற்குத் தடுத்தல் என்று பொருள். அன்று முந்திப் போதல். ஹென்றி பவர் தலைமையில் 1871இல் வெளிவந்த தமிழ் விவிலியம் அந்த இடத்தில் முந்திக்கொள்ளுதல் என்ற வினையையே வைத்திருக்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பு ஆங்கிலத்தைப் பார்த்து வந்ததல்ல, மூலமொழியைப் பார்த்து வந்தது. என்றாலும் பழைய ஆங்கிலம் படிக்கும் பல்லாவரத்துப் பெண்ணுக்கு, ஞாயிற்றுக்கிழமை கையில் எடுக்கும் தமிழ் வேதாகமமே நல்ல அரும்பதவுரை. ‘சஃபர்’ என்பது துன்பப்படுதல் என்று மட்டும் தெரிந்தவள், சிறுபிள்ளைகள் இயேசுவிடம் வரும் இடத்தைத் தமிழில் பார்த்தால் இடங்கொடுத்தல் என்று இருக்கும். முன் சொன்ன தடுக்கும் ‘லெட்’டுக்கும் தமிழில் தடைசெய்தல் என்றே இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே இவ்வளவு வெளிச்சம் இருக்கும்போது வகுப்பில் தமிழைத் தாழ்த்தி வைப்பது எனக்குப் பொறுக்காத விஷயம்.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். அவை சிறியவை அல்ல.

பல ஆண்டுகளுக்கு முன் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய மின்விசிறிகளுக்கும் சைக்கிள் சாமான்களுக்கும் நடுவே வெரிட்டி பதிப்பு ‘ஹாம்லெட்’ ஒன்று கிடைத்தது. உள்ளே இரண்டு பேருடைய பென்சில் எழுத்து. ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியவர், இன்னொருவர் தமிழில். இருவர் கையும் எங்கே ஓடியிருக்கிறது, எங்கே ஓடவில்லை என்று பார்ப்பதற்காகவே அதை ஒருமுறை முழுதும் புரட்டினேன். வாழ்வா சாவா என்று ஹாம்லெட் தனக்குள் பேசும் புகழ்பெற்ற பகுதியில் ‘ஃபார்டெல்ஸ்’ மேல் மூட்டை என்று இருந்தது. ‘பாட்கின்’ மேல் ஊசிக்கத்தி. ‘கான்ட்யூம்லி’ மேல் அவமதிப்பு. எல்லாம் சரி. ஆனால் நாடகம் நெடுக, பழக்கமான முகத்தோடு வரும் சொற்களின் தலை மேல் ஒரு கோடுகூட இல்லை. அதே பகுதியில் வரும் ‘ரப்’ என்பது உருட்டுப்பந்து ஆட்டத்தில் பந்தின் வழியில் குறுக்கிடும் மேடு. அதன் மேல் ஒன்றும் இல்லை. ‘காயில்’ என்பது அங்கே சந்தடி, ஆரவாரம். அதன் மேலும் ஒன்றும் இல்லை. தெரியாத சொல்லிடம் இருவரும் எச்சரிக்கையாக இருந்திருக்கிறார்கள். தெரிந்த சொல்லை நம்பிவிட்டார்கள்.

இதுதான் இந்த முறையின் ஆழமான பழுது. கடினம் என்று முகத்தில் எழுதி ஒட்டிய சொல்லைத்தான் அது பிடிக்கும். ஆபத்து அந்தச் சொல்லில் இல்லை. ‘பாட்கின்’ யாரையும் ஏமாற்றாது. தெரியவில்லை என்பது தெரிந்துவிடும். ‘லெட்’டும் ‘பிரசென்ட்லி’யும் ‘ஃபாண்ட்’டும் ஏமாற்றும். ‘பிரசென்ட்லி’ அன்று உடனே. ‘ஃபாண்ட்’ அன்று பேதைமை. சி. எஸ். லூயிஸ் 1960இல் வெளியிட்ட சொல்லாய்வு நூலில் இதற்கு ‘அபாயப் பொருள்’ என்று பெயர் கொடுத்தார். நம் காலத்தில் ஓங்கி நிற்கும் பொருளே பழைய வாக்கியத்தைப் படிக்கும்போது நம்மைக் கவிழ்க்கும் பொருள் என்பது அவர் கருத்து. நமக்கு இது புதிதல்ல. தொல்காப்பியத்தில் ‘கிழவன்’ என்று கண்டு முதலாண்டுத் தமிழ் மாணவர்கள் வயதானவர் என்று நினைக்கிறார்கள். அங்கே அவன் உரிமையுடைய தலைவன், காதலன். குறளில் ‘வேளாண்மை’ வந்தால் வயல் நினைவுக்கு வருகிறது. அங்கே அது விருந்தினருக்குச் செய்யும் உதவி. ஆண்டாள் ‘நாற்றம்’ என்றது மணத்தை. இந்தச் சொற்களுக்கு அகராதியைத் திறக்க வேண்டும் என்றே நமக்குத் தோன்றாது. தோன்றாததுதான் சிக்கல்.

இரண்டாவது குறை, ஒரு சொல்லுக்கு மேல் ஒரு சொல்லுக்குத்தான் இடம் இருக்கிறது என்பது. சந்தையில் வாங்கிய புத்தகத்தில் ‘குவயீட்டஸ்’ மேல் ஆங்கிலக்காரர் மரணம் என்று எழுதியிருந்தார். தவறில்லை. ஆனால் அந்தச் சொல் கணக்குப் புத்தகத்திலிருந்து வந்தது. பாக்கி தீர்ந்து கணக்கை முடித்துக் கொடுக்கும் சீட்டு. ஹாம்லெட் தன் உயிரைத் தானே போக்கிக்கொள்வதைப் பற்றி யோசிக்கும் இடம் அது. ‘கணக்கை முடிச்சுட்டான்’ என்று நம் தெருவில் சொல்வதில் இருக்கும் அதே உருவகம். மரணம் என்று எழுதியவுடன் கணக்கு மறைந்துபோனது, கணக்கோடு கவிதையும் போனது. ஹாம்லெட் மேடையில் பேசும் முதல் வரியே ‘கின்’, ‘கைண்ட்’ என்ற இரண்டு சொற்களை வைத்து ஆடும் சிலேடை. ‘கைண்ட்’ என்பதில் இனமும் உண்டு, இயல்பும் உண்டு, இரக்கமும் உண்டு. நோட்ஸ் புத்தகத்தில் அன்பான என்று மட்டும் இருக்கும். வெகுநாள் தேடியபின் எனக்குக் கிடைத்த தமிழ்ச் சொல் நீர்மை. இயல்பு என்றும் பொருள், நல்ல குணம் என்றும் பொருள். அதுகூடச் சிலேடையின் பாதியைத்தான் தூக்கும். சிலேடைக்கு மேல் எந்தச் சொல்லை எழுதினாலும் ஒரு பக்கம் உடைந்துவிடும்.

மூன்றாவது, கடினம் சொல்லில் இருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். பாதி நேரம் அது வாக்கியத்தில் இருக்கிறது. 1667இல் வந்த மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தில் முதல் வாக்கியம் 16 அடிகள் ஓடுகிறது. முதன்மை வினை ஆறாவது அடியில்தான் வருகிறது. எல்லாச் சொல்லுக்கும் மேல் பொருள் எழுதினாலும், யார் என்ன செய்கிறார் என்று தெரியாமல் நிற்கும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐந்து அடிகளில் பதினைந்து பென்சில் குறிப்புகள், வாக்கியம் மட்டும் இல்லை. இதில் எனக்கு வருத்தம் தருவது என்னவென்றால், நம் பிள்ளைகளுக்கு இதற்கான கருவி பள்ளியிலேயே கொடுக்கப்பட்டிருக்கிறது. நன்னூல் எட்டு வகைப் பொருள்கோள் சொல்கிறது. கொண்டுகூட்டு என்பது, செய்யுளில் சிதறிக் கிடக்கும் சொற்களை எடுத்துப் பொருந்தும் இடத்தில் சேர்த்துப் பொருள் கொள்வது. வினை கடைசியில் வரும்வரை பொறுமையாக வாக்கியத்தைத் தாங்கிக்கொண்டிருப்பது தமிழருக்குத் தாய்ப்பால் போல வந்த பழக்கம். மில்டனிடம் அதைப் பயன்படுத்தலாம் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. தமிழ் வகுப்பில் இலக்கணம் ஐந்து மதிப்பெண். ஆங்கில வகுப்பில் மீனிங் ஐந்து மதிப்பெண். நடுவில் கதவு சாத்தியிருக்கிறது.

இப்போது பென்சிலின் இடத்துக்குக் கைபேசி வந்திருக்கிறது. சொல்லைத் தொட்டால் பொருள் வருகிறது. முதலில் வருவது இன்றைய பொருள். ‘லெட்’டைத் தொட்டால் விடு, அனுமதி. பென்சிலுக்காவது ஆசிரியர் ஒருவர் பின்னால் இருந்தார். அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் பொருள் சொன்னார்.

இந்தக் குறைகளையெல்லாம் பார்த்துவிட்டு, சொற்பொருளே வேண்டாம், சூழலை வைத்து மாணவரே ஊகிக்கட்டும் என்று சொல்லும் கட்சி ஒன்று கல்வித்துறையில் வெகுநாளாக இருக்கிறது. செய்தித்தாளுக்கு அது பொருந்தும். நானூறு வருடப் பழைய வாக்கியத்துக்குப் பொருந்தாது. ஊகித்த பொருளின் கெடுதல், அது சொந்தக் கண்டுபிடிப்பு என்ற பெருமிதத்தோடு வருவது. ‘வேர்ஃபோர்’ என்ற சொல்லைப் பாருங்கள். மாடத்தில் நிற்கும் ஜூலியட், நீ எங்கே இருக்கிறாய் என்று ரோமியோவைத் தேடுவதாக ஊகிப்பதற்குச் சூழல் எல்லா இடமும் கொடுக்கிறது: இரவு, தோட்டம், காதலன் கண்ணில் படவில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பொருள் ஏன். நீ ஏன் ரோமியோவாக, பகையான வீட்டின் பெயரோடு இருக்கிறாய் என்று அவள் வருந்துகிறாள். சூழல் இங்கே கையைப் பிடித்துத் தவறான தெருவில் விட்டுவிட்டது. பெயரைப் பற்றி அவள் தொடர்ந்து பேசுவதைப் படித்தவருக்கே தடுமாற்றம் தெரியும்.

தொல்காப்பியர் இதை எவ்வளவு நிதானமாக அணுகியிருக்கிறார் என்று உரியியலைப் படிக்கும்போதெல்லாம் வியக்கிறேன். விளங்கும் சொல்லுக்குப் பொருள் சொல்ல வேண்டாம், விளங்காத சொல்லுக்குச் சொன்னால் போதும் என்கிறார். அது அரும்பதவுரையின் நியாயம். பொருளுக்குப் பொருள் என்று கேட்டுக்கொண்டே போனால் அதற்கு எல்லையே இல்லை என்கிறார். குறிப்புகளில் மூழ்கிப் போகும் பதிப்பாசிரியருக்கு அது எச்சரிக்கை. முன்னும் பின்னும் வரும் சொற்களை நாடி, அவற்றோடு ஒத்துப்போகும்படி பொருள் உணர்த்த வேண்டும் என்கிறார். சொற்பொருளும் சூழலும் இரண்டு கட்சிகளாக அவரிடம் இல்லை. ஆனால் அவர் வகுத்த முதல் விதியில் ஒரு இடம் என்னை உறுத்துகிறது. விளங்கும் சொல் எது என்று யார் முடிவு செய்வது? அவர் காலத்தில் ‘கிழவன்’ விளங்கிய சொல். இன்று அது விளங்குவதாகத் தோன்றும் சொல். இலக்கண ஆசிரியர் மேல் இது குறையாகாது; பின்னால் வந்த இரண்டாயிரம் வருடம் செய்த வேலை.

வைணவ உரைகாரர்கள் இந்த இடத்தில் நமக்குப் பெரிய துணை. நாலாயிரத்துக்கு உரை செய்த பெரியவாச்சான் பிள்ளை காலத்து மரபில், பாசுரத்துக்கு முன் ஒரு முன்னுரை வரும், அவதாரிகை என்பார்கள். முன் பாட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு, பாடுபவரின் மனம் இப்போது எந்த நிலையில் நிற்கிறது என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் சொல்லுக்குள் நுழைவார்கள். அந்த வரிசையை மட்டும் நாம் ஆங்கில வகுப்புக்குக் கடன் வாங்கினால் பாதிப் பழுது நீங்கும் என்று நம்புகிறேன். யார் யாரிடம் பேசுகிறார், என்ன நடந்துகொண்டிருக்கிறது, வாக்கியத்தின் வினை எங்கே என்று முதலில். அரும்பதம் அதற்குப் பிறகு, தமிழில். வெரிட்டியின் பட்டியல் கடைசியில், சரிபார்க்க. அதே சொல் அந்த நூலிலேயே வேறு எங்கே வருகிறது என்று பார்ப்பது இன்னும் நல்லது. உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டியது இதற்காகத்தான்.

நேரம் அதிகம் பிடிக்கும் என்பது உண்மை. அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், பாடத்திட்டம் முடிக்க வேண்டிய ஆசிரியரிடம் போய் இதைச் சொல்ல எனக்குத் தயக்கம்தான். ஒரு பருவத்தில் முழு நாடகத்தையும் இப்படிப் படிக்க முடியாது. இரண்டு காட்சிகளைப் படிக்க முடியும். மீதிக்குப் பென்சில் குறிப்பு போதும் என்று விட்டுவிடலாம். எல்லா வரிக்கும் ஒரே அளவு வெளிச்சம் வேண்டும் என்று நினைப்பதால்தான் எல்லா வரியும் மங்கலாகவே இருக்கின்றன.

பொங்கல் விடுமுறையில் பக்கத்து வீட்டுப் பையன் ‘ஹாம்லெட்’டை எடுத்துக்கொண்டு வந்தான். முதல் அங்கம், நான்காம் காட்சி. இரவு, கோட்டை மதில், தந்தையின் ஆவி கைகாட்டி அழைக்கிறது. ஹாம்லெட் பின்னால் போகத் துடிக்கிறான். கூட இருக்கும் இருவர் போகாதே என்று பிடித்து நிறுத்துகிறார்கள். அவன் உதறிக்கொண்டு சொல்கிறான்: என்னை ‘லெட்’ செய்கிறவனை ஆவியாக்கிவிடுவேன்.

பையன் அந்த வரியை ஒருமுறை வாசித்தான். மறுபடி வாசித்தான். பாஸ்போர்ட் அவன் நினைவில் இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

“ரெண்டு பேரும் பிடிச்சிட்டிருக்காங்க சார். விடறவனை ஏன் கொல்லணும்? அவனுக்கு விட்டாத்தானே வேணும்?”

“அதனால?”

அவன் பதில் சொல்லவில்லை. பென்சிலை எடுத்து அந்தச் சிறிய சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான். மேலே ‘தடு’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டுவிட்டு, அடுத்த வரி அதை ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கத் தொடங்கினான்.